கூட்டத்தில் டெல்பினா

டப்பிங் படங்களில்
பறக்கிறவர் செய்தி வாசிக்கும் தமிழில் பேசுவார்.
சந்தில் பர்ஸ் பிடுங்குகிறவன் மட்டும்
எங்கள் தமிழில்.
அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த திருடன்
"இன்னா நைனா, துட்ட எட்றா" என்பான்.
எனக்கு ஒன்பது வயது.
எங்கள் மாமா குரலில் அவன் உதை வாங்கும்போது
மாமாவோடு உட்கார்ந்து சிரித்தேன்.
விசில் கற்றுக்கொண்டது
பறக்கிறவருக்காக.
அவர்கள் எல்லாரும் வேறு ஊர்கள் மேலேயே பறந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் கழித்து
எங்கள் தலைக்கு மேல் ஒருத்தி.
கரிக்குருவி.
திருவொற்றியூர் ஹைரோட்டில்
மெட்ரோ தூணுக்குத் தூண் அவள் முகம்.
எண்ணூரில் பிறந்தவளாம்.
ஆலைப்புகையை மூச்சில் இழுத்து
நெருப்பாகத் திருப்பி ஊதுவாளாம்.
இழுப்பது வரைக்கும் எனக்கும் வரும்.
பையில் இன்ஹேலர் இருக்கிறது,
நீல நிறம்.

முதல் நாள், முதல் காட்சி.
கண்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட் முடித்து
குளிக்காமல் ஓடினேன்.
எடுத்த எடுப்பில் கேரம் போர்டு.
அடுத்து பாக்சிங் கையுறை.
பத்தாவது நிமிஷம் ஒரு சாவு, ஒரு ஆட்டம்.
டேலி கிளாஸ் நோட்டை ஜன்னலில் சாய்த்து வைத்து
சங்கரா வறுக்கும் எதிர்வீட்டு ஹெப்சிபாவை
எந்த கேமராவும் எட்டிப் பார்க்கவில்லை.
நாயகி ஒவ்வொரு வாக்கியத்தையும்
ஒரு 'பா' வைத்து மூடினாள்,
டிபன் பாக்ஸ் மூடுகிற மாதிரி, அழுத்தி.

ஆனாலும்
துறைமுகத்து கிரேன் உச்சியில் அவள் ஏறி நின்றபோது,
தினம் தினம் நான் நம்பர் குறிக்கும் பெட்டிகளைத் தூக்குகிற
அதே கிரேன்,
விரல் தானாக வாய்க்குள் போனது.
அடித்துவிட்டேன்.
வெட்கமாக இருந்தது.
இன்னொரு தரமும் அடித்தேன்.

இன்டர்வலுக்கு அப்பால் பாலம் இடிகிறது.
கீழே கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது.
நாலு செகண்ட்.
இடது ஓரம், பச்சை நைட்டி, தோளில் துண்டு:
டெல்பினா அக்கா!
எங்கள் வரிசையே எழுந்துவிட்டது.

ஐந்நூறு ரூபாய், பிரியாணி.
காசிமேட்டிலிருந்து நாற்பது பேரை வேனில் ஏற்றிப் போனார்கள்.
கழி நுனியில் டென்னிஸ் பந்தைக் கட்டித் தூக்கி,
"இதான் கரிக்குருவி. மொதல்ல பயப்படுங்க,
அப்புறம் நன்றியோட பாருங்க" என்றார்களாம்.
அக்கா முகத்தில் பயமும் இல்லை, நன்றியும் இல்லை.
ஃப்யூஸ் பிடுங்க வந்த ஈ.பி.காரரைப் பார்ப்பது போல
பார்த்துக்கொண்டு நிற்கிறாள்,
சுற்றிலும் முப்பத்தொன்பது பேர் நடிக்க நடிக்க.

மார்க்கெட்டில் கேட்டேன்.
"பந்தப் பாத்து இன்னாத்துக்குடி பயப்படணும்?"
ஐஸில் வஞ்சிரத்தைப் புரட்டிப் போட்டபடி
வேறொன்றும் சொன்னாள்.
நாயகிக்குக் காலையில் இரண்டு மணி நேரம்
கறுப்பு பூசுவார்களாம்.
சாயங்காலம் கேரவன் படியில் உட்கார்ந்து
எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைப்பாளாம்.
"நல்ல பொண்ணு தான். எனக்கு ஜூஸ் குட்த்துச்சி.
அந்தப் பஞ்சு கீதே,
அப்டியே உன் கலரு."

கோபம் வந்தது.
யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல்
ஷிப்டுக்குக் கொண்டுபோனேன்.
யார்டில், ஃபோர்க்லிப்ட் ஓட்டும் தேசப்பன்
ஹெல்மெட்டில் கரிக்குருவி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்.
பஞ்சைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"இன்னொண்ணு கீதா?" என்று வந்தது.

இன்ஹேலர் மேல் ஒட்டினேன்.
காலாவதித் தேதி மறைந்துபோனது.
ஓரத்தை நகத்தால் உரித்துத்
தேதியைப் பார்த்துவிட்டு
மறுபடி அழுத்தி ஒட்டினேன்.