நூற்றிருபது

முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்.
அவ்வளவுதான்.
முப்பது பேர் பார்க்க, பெட்டி மேலிருந்து
குதித்து இறங்கிக் காட்டிய காலை அது.
பாட்டு நிற்கவில்லை.
நானும் நிற்கவில்லை. மறு காலில்
எட்டு வரை எண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி,
முகூர்த்தமில்லாத நாட்களில் எங்கள் ஜிம்.
சாம்பார் வாடை போகாத அந்தத் தரையில்
ஒன்பது வருஷம் கத்தியிருக்கிறேன்:
"வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."
அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு
முட்டியில் பட்டை சுற்றி
இரண்டு மாதம் வகுப்பெடுத்தேன்.
படி இறங்கும்போது மட்டும்
செல்போன் பார்ப்பதுபோல் பின்தங்கிவிடுவேன்.

தஞ்சாவூரில் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர்
"என்ன வேலை பார்க்கிறீங்க" என்றார்.
சொன்னேன்.
சிரிக்காமல் இருந்ததற்கு அவருக்கு நன்றி.

தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
மடித்து, முட்டிக்குள் திருகி வைத்தார்கள்.
வீட்டில் அதை ஒட்டு என்கிறோம்,
மாமரத்துக்குச் சொல்கிற மாதிரி.

திரும்புகையில் நீடாமங்கலம் கேட்டில்
நாற்பது நிமிஷம்.
பின்சீட்டு முழுக்க என் ஒற்றைக் கால்.
வெள்ளரிப்பிஞ்சு விற்றவர் குனிந்து
"மாஸ்டர், நீங்களா?" என்றார்.
அவர் மனைவிக்குப் பத்து கிலோ குறைத்தவள் நான்.
காசு வாங்க மறுத்துவிட்டார். அது
தையலைவிட வலித்தது.

பிசியோ ஆல்வினுக்கு இருபத்தாறு வயது.
"தொடையை இறுக்குங்க மேடம்."
இறுக்கினேன்.
"இறுக்குங்க."
இறுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.
அறுபது கிலோ சுமந்து உட்கார்ந்தெழுந்த தொடை
மதகு திறந்தும் தண்ணீர் வராத கடைமடையாகக் கிடந்தது.
நான் அழுது முடிக்கும்வரை
அவன் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு எழுதினான்: அறுபத்தெட்டு டிகிரி.
நூற்றிருபது வரணும்.

இந்த வருஷம் ஜூனில் அணை திறக்கவில்லை.
உரக்கடையில் பாக்கி ஏறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்
பேப்பரில் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம்.
அதற்கும் நூற்றிருபதுதான் முழுசு.
"உனக்கு எவ்வளவு?"
"எழுபத்தொம்பது."
"மேட்டூர் எண்பத்திரண்டு."
குடகில் மழை பெய்தால் அதற்கு
ஒரே ராத்திரியில் ஆறடி.
எனக்கு மழை பெய்கிற ஊர் எதுவென்று
எந்தப் பேப்பரிலும் இல்லை.

கூத்தாநல்லூரிலிருந்து கமருன்னிசா வந்தாள்,
தம்ரூட் டப்பாவோடு.
மூணு வருஷம் முன்னால் முதுகு வலி என்றவளை
எல்லார் எதிரிலும் "சாக்கு" என்றிருந்தேன்.
மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.
இப்போது கட்டிலோரம் உட்கார்ந்து
என் தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"எனக்கு டிஸ்க்கு மாஸ்டர். அப்பவே."
மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து
ஏலக்காய்த் தோலாய் ஒட்டிக்கொண்டது.
தம்ரூட்டைத் தின்றேன்.
இன்னொரு துண்டும்.

மேட்டூர் நிரம்பியபோது நான் நூற்றொன்று.
மூன்றாம் மாதம் மாடி ஏறினேன்,
கைப்பிடியைப் பிடித்து, எல்லாரும் பார்க்க.
பெட்டியை மூலையில் தள்ளி
அதன்மேல் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பு.
உடம்பால் காட்டிப் பழகியவளுக்கு
வார்த்தை கிடைப்பதில்லை.
"கீழே... இல்ல, பின்னாடி...
பஸ்ஸில் ஈர சீட்டில் உட்காருற மாதிரி" என்றேன்.
சிரித்தார்கள். சரியாக உட்கார்ந்தார்கள்.
கடைசி வரிசையில் ஒருத்தி முகம் சுளித்தாள்.
பாட்டை நிறுத்தச் சொல்லி
"எங்கே வலிக்குது?" என்றேன்.
கேட்டுப் பழக்கமில்லாத குரல்,
மிரட்டுவதுபோல்தான் வந்தது.

பாமணியாற்றில் நேற்று தண்ணீர்.
நுரையும் செருப்பும் ஆகாயத்தாமரையுமாக
முதல் தண்ணீர், பழுப்பாக.
ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால்,
ஆல்வின் சொல்லிக்கொடுத்த விதி.
படித்துறையில் கெட்ட காலை முன்வைத்து
ஒரு படி இறங்கினேன்.
அடுத்த படி தண்ணீருக்கடியில்,
பாசியா கல்லா தெரியவில்லை.
நின்றேன்.