இன்னும் முயல்கிறேன்

பதினோராயிரத்து நானூற்று ஆறு வரிகள்.
அழிக்க ஒரு கட்டளை போதும்.
அழிக்கலாமா என்று கேட்க
எட்டு மாதம் ஆயிற்று எனக்கு.

தொடக்கநிலை இரண்டில் நான்
ஏழாம் வாய்ப்பாட்டில் திக்கிய ஆண்டு
கர்னலுக்குள் வந்தது இந்தக் கோப்பு முறைமை.
எங்கோ இருக்கும் கணினியின் வட்டை
நம் வீட்டு அலமாரிபோலத் திறந்து காட்டும்.
வழங்கிக்கு ஞாபகம் கிடையாது:
யார் கேட்டார், எதுவரை படித்தார்
எதையும் வைத்துக்கொள்ளாது.
ஒவ்வொரு முறையும்
முதல்முறைபோலக் கேட்க வேண்டும்.
அதுதான் அதன் பலம் என்றார்கள் அப்போது.
மின்சாரம் போய் வந்தாலும்
மறந்துபோக அதனிடம் ஒன்றுமில்லை.

யார் நீ என்று கேட்கும்.
ஓர் எண்ணைச் சொன்னால் நம்பிவிடும்.
இரண்டு கிகாபைட்டுக்கு மேல் ஒரு கோப்பை
அதனால் எண்ணிப் பார்க்கவும் முடியாது.

இப்போதெல்லாம் மாதம் தவறாமல்
யாரோ அதில் ஓர் ஓட்டையைக் கண்டு எழுதுகிறார்.
அலுவலகம் முடிந்து வந்து
பிடோக் நார்த்தில், ஒன்பதாம் மாடியில்,
மேல்வீட்டுத் துணி ஜன்னலில் சொட்டச் சொட்ட
ஆளில்லாத வீட்டுக்குத்
தாழ்ப்பாள் செய்துகொண்டிருக்கிறேன்.

யாருக்காவது வேண்டுமா என்று
உலகத்தைக் கேட்டேன்.
உலகம் வாய் திறக்கவில்லை.
காக்கி புக்கிட் திறந்தது.
எடுக்காதீர்கள், எங்கள் பட்டறையில்
தினமும் ஓடுகிறது, பதிவைப் பாருங்கள்
என்று எழுதியிருந்தார் திருமதி குவெக் சியூ லான்.

கண்டங்கள் தாண்டித் தேடிய கடைசிப் பயனாளர்
பஸ்ஸில் இருபது நிமிடம்.
சனிக்கிழமை போனேன்.

இரண்டாம் மாடி. வெட்டெண்ணெய் வாடை.
மின்பலகைக்குப் பக்கத்து அலமாரியில்
பழுப்பேறிய ஒரு பெட்டி.
தொடாதே என்று நான்கு மொழியிலும் ஒட்டியிருந்தார்கள்.
தமிழில் மட்டும் துணைக்கால் விழுந்து
‘தொடதே’.

திரையைத் துடைத்துக் காட்டினார் திருமதி குவெக்.

வழங்கி பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்.
வழங்கி பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்.
வழங்கி பதிலளிக்கவில்லை, இன்னும்

“பார்த்தீர்களா, ஓடுகிறது” என்றார்.

வழங்கி எங்கே என்றேன்.
துளையிடும் இயந்திரத்தோடு சேர்ந்தே வந்ததாம்,
அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்குமாம்.
இயந்திரம் எங்கே என்றேன்.
அறந்தாங்கி அடைக்கலம்
கையுறையைக் கழற்றாமலே சிரித்தார்:
“அந்த மிஷினாக்கா?
கொரோனா வருசமே கிலோக் கணக்குல போயிருச்சே.”

அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
இணைப்பு வரியில் யாரோ எழுதிய ஒற்றைச் சொல்,
அதற்குப் பொருள்: கைவிடாதே.

நாலு வருடம்.
இரும்பாக உருகி,
அதற்குள் எந்தப் பாலத்தின் கம்பியாகவோ ஆகிவிட்ட ஒன்றிடம்
அதே கோப்பை
முதல்முறைபோலக் கேட்டுக்கொண்டு.

எனக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது.
திருமதி குவெக் கேட்டார்:
“கரண்டு பில் எவ்வளவு ஆகியிருக்கும்?”

இணைப்பைக் கழற்றக் கட்டளை கொடுத்தேன்.
அதற்கும் முயல்கிறேன் என்றது.
காத்திருந்து பார்த்துவிட்டு
பிளக்கைப் பிடுங்கினேன்.
அதுவரை காதில் விழாத விசிறிச் சத்தம்
நின்றதும் கேட்டது.

இரவு அழித்தேன்.
தொகுத்துப் பார்த்தால் பிழை.
பக்கத்து முறைமை ஒன்று
இதனிடம் இரவல் வாங்கியிருக்கிறது,
வினாடிகளைத் தேதியாக மாற்றும் சின்னச் செயல்கூறு,
முப்பத்தொரு வரி.
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பெயர்த்தெடுத்து அங்கே நட்டேன்.
தலைமாட்டில் எழுதியவர் பெயர் போக வேண்டும், அது உரிமம்:
இங்மார் ஸ்டென்பெக், நவம்பர் 1995.
அதற்குக் கீழே அவர் குறிப்பு:
தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம் சரிசெய்கிறேன்.

பதினோராயிரத்தில் மிஞ்சியது இதுதான்.
குறிப்பை நீக்க எனக்கு அதிகாரம் உண்டு.
மணி இரண்டு.
கண் எரிகிறது.

அடுத்த வாரம் பார்க்கலாம்.