குழி தோண்டியவன்

டாக்டர் திரெஷர் கடல் தாண்டி வந்து இறங்கியபோது
செவர்ன் ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது.
சேறு மட்டும் மினுங்கியது,
வாய் திறந்து தூங்குகிறவனின் ஈறு போல.

நாளுக்கு நாலு ஷில்லிங் என்றார்.
பாறையிலிருந்து கிழக்கே இருபது அடி, பிறகு கீழே எட்டு.
அங்கே ஈயம் பூசிய பெட்டி.
பெட்டிக்குள்
ஊரெல்லாம் கைதட்டுகிற அந்தப் பழைய நாடகங்களின்
அசல் கைப்பிரதி.
எழுதியவர் ஒரு பிரபுவாம்.
அட்டையில் இருக்கும் பெயர்
யாரோ கடிவாளம் தைக்கிறவன் மகனுடையதாம்,
வாடகைக்கு எடுத்த முகமாம்.

யார் சொன்னது என்றான் ஹோசியா.
நாடகமே சொன்னது என்றார்.

எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கினார்.
கெசையா துணி பிழியும் உருளைகளை வாங்கிக்கொண்டு
முந்நூறு கஜம் கித்தான் சுற்றி
அதன்மேல் பக்கம் பக்கமாக நாடகங்களை ஒட்டினார்.
கைப்பிடியைச் சுழற்றுவார்.
அரசன் சாவான், கோமாளி உளறுவான், கப்பல் உடையும்,
அவர் காதில் ஒன்றும் விழாது.
ஏழாவது எழுத்து. ஏழாவது எழுத்து.
விடிய விடியப் பென்சில் சத்தம்.
கீழே எங்கள் சட்டைகள்
பிழிய வழியில்லாமல் சொட்டிக்கொண்டிருந்தன.

ஒரு பக்கத்தில் டபிள்யூ வரவேண்டிய இடமெல்லாம்
இரண்டு வி ஒட்டி நின்றதைக் கண்டு
பிரபுவின் முத்திரை என்று படியில் குதித்து இறங்கினார்.
கெசையாவின் அண்ணன் அச்சுக் கோக்கிறவன்.
அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
அந்த எழுத்து தீர்ந்துபோயிருக்கும்,
பாவம், கையில் கிடைத்ததை வைத்திருக்கிறான்.
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.
அதிலும் ஏழாவதை எண்ணியிருப்பார்.

ஒருநாள் குழிக்குள் நின்று கேட்டேன்,
ஏன் அவனாகவே இருக்கக் கூடாது, அந்தக் கடிவாளக்காரன் மகன்?
சிரித்தார். கோபமில்லை.
ஈனோக், அவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்,
அரண்மனை எங்கே தெரியும்,
கடலை எந்தப் பள்ளியில் படித்தான்?

அந்நேரம் மணல்திட்டுப் பறவைகள்
ஒரே வீச்சில் எழுந்தன.
மண்வெட்டியை எறிந்தேன்.
கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.
அவருடைய ஒரு பூட்ஸ் சேற்றோடு போனது.
நாங்கள் கல்லில் ஏறவும்
கடலை முதுகில் சுமந்துகொண்டு ஆறு
எதிர்த்திசையில் ஏறி வந்து
நின்ற இடத்தை மூடியது.

மூச்சு வாங்கக் கேட்டார்,
உனக்கு எப்படித் தெரியும்?

நான் அவரைப் பார்த்தேன்.
அவர் தன் காலுறையின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வாரம்.
மாட்டின் தாடை, பழைய பாலத்தின் கட்டை,
கடைசியாக ஒரு குழந்தையின் செருப்பு.
அதை விளக்கடியில் வைத்து
அடியிலிருந்த ஆணித் துளைகளை எண்ணினார்.
ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று.
எந்தக் குழந்தை என்று கேட்கவில்லை.

அவர் ரயிலேறிய மறுநாள்
ஹோசியா பத்திரிகையை உரக்கப் படித்தான்:
டாக்டர் திரெஷர் ஆற்றுப் படுகையில்
எட்டடி ஆழத்துக்குத் தோண்டினார்.
நானும் அவனும் சிரித்த சிரிப்பில்
கெசையா உள்ளிருந்து வந்து எங்களை அதட்டினாள்.
குழியை ஆறு ஒரே வாரத்தில் தூர்த்துவிட்டது.
காட்ட ஒன்றுமில்லை.

கூலிப் புத்தகம் அவரோடு போய்விட்டது.
அதில் என் பெயருக்கு நேரே
சனிக்கிழமைக்கு ஒன்றாகப் பதினோரு பெருக்கல் குறி,
என் கையெழுத்து.
எந்த ஊரிலோ விளக்கைத் தூண்டிவிட்டு
ஏழாவதில் நின்றிருப்பார் இப்போது.
அது மட்டும் கோணல்.

அந்த வாரம் கட்டைவிரலில் மண்வெட்டி பட்டிருந்தது.