நிர்வாகி மறுத்துவிட்டார்

பதினொரு இரவுகளாக
ஒரு பல்லின் படம்கூடப் பத்திரமாகவில்லை.
ஈசூன் பல் மருந்தகத்து மடிக்கணினி
இரவு பதினொன்றரைக்கு எடுக்கவேண்டிய நகலை
எடுக்காமல் விட்டுவிட்டு
காலையில் ஒரே வரியில் கையை விரிக்கிறது:
இயக்குபவரோ நிர்வாகியோ
இந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டார்.

இயக்குபவர் நான். நிர்வாகியும் நான்.
அந்நேரம் புக்கிட் பாஞ்சாங்கில்
வாயைத் திறந்துகொண்டு தூங்கியவனும் நானே.
எதையும் மறுத்ததாக நினைவில்லை.

மூன்று முறை வந்தேன், மூன்றும் பகலில்.
கடவுச்சொல்லை மாற்றினேன். கடிகாரத்தைச் சரிபார்த்தேன்.
'இப்போதே ஓடு' என்று அழுத்தினால்
பள்ளிக்கு அதிகாரி வந்த நாளின் மாணவனாய்
சட்டென்று முடித்துவிட்டு நிற்கும்.
"வேலை செய்கிறதே" என்பேன்.
மேடம் குவெக் என்னைப் பார்ப்பார்,
வலிக்கவே இல்லை என்று சாதிக்கும் நோயாளியைப்
பார்ப்பதுபோல.

நேற்று நான்காம் முறை. கிளம்பவில்லை.
ஒன்பது மணிக்குச் சாவியை என்னிடம் தந்துவிட்டு
அவர் ஒவ்வொன்றாய் அணைத்தார்.
குளிர்சாதனம். காற்றழுத்தி. மீன்தொட்டி விளக்கு.
பிறகு முழங்காலில் ஒரு கை ஊன்றிக் குனிந்து
மேசைக்கடியில், சுவரோரச் சுவிட்சு.
டக்.

திரை மூலையில் பிளக்கின் படம் போய்
பேட்டரியின் படம் வந்தது.
நூறு சதவீதம்.

கோப்பி ஓ ஆறியது. சட்டை முதுகில் ஒட்டியது.
பதினொன்றரை.
உள்ளே விசிறிகூட முனகவில்லை.
ஆறு மணி நேரத் தெம்பு இருக்கிறது,
ஐந்து நிமிட வேலை.
நிபந்தனைகள் பக்கத்தைத் திறந்தேன்.
இங்கே யாரும் இடாத ஒரு சரிக்குறி,
பிறக்கும்போதே இட்டு அனுப்பியது:
சுவர் மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கு.
அதன் கீழே சற்று உள்தள்ளி அதன் தம்பி:
பேட்டரிக்கு மாறினால் நிறுத்து.
சேமிப்பைத் தொடக்கூடாதென்று
பட்டினி கிடப்பவனின் சிக்கனம்.

இரண்டையும் எடுத்தேன்.
நேரத்தைப் பதினொன்று ஐம்பதுக்குத் தள்ளிவைத்துக் காத்திருந்தேன்.
கடைவாய்ப் பற்கள், கோரைப் பற்கள்,
யாரோ ஒருவரின் கோணல் ஞானப்பல்,
ஈசூனின் பாதி வாய்கள்
வரிசையாய் மேலேறிப் போயின.

சுவிட்சைப் போட்டு
அப்படியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு
டாக்சி பிடித்தேன்.

காலை எட்டேகாலுக்கு மேடம் குவெக்கின் செய்தி:
நேற்றிரவு கடைசியாகப் போனது நீங்கள்தானே?
சுவிட்சை அணைக்கவில்லை.