கோரை மண்டல்

கோரையாற்றங்கரைச் சங்கத்தில்
பில் போடுகிறவன் நான்.
குறுவைக்குத் தண்ணீர் வந்து ஒன்பதாம் நாள்.
வரிசையில் நான்காவதாக நின்ற பவுனாம்பாள்
மூட்டையைப் புரட்டி எழுத்துக்கூட்டினாள்.
கோ, ர, மண், டல்.

"கோரை மண்டலா?
களையெடுக்கக் கூலி குடுத்து மாளல,
இதுல கோரை மண்டுறதுக்கு உரமா?"

வரிசை சிரித்தது. நானும்தான்.

அது உங்க ஊர்ப் பேருதாம்மா
என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
சோழமண்டலம் என்று கரையில் யாரோ சொன்னதைக்
கப்பலில் வந்தவன் காதில் வாங்கியிருக்கிறான்.
ழகரம் பல்லில் நிற்கவில்லை, துப்பிவிட்டான்.
ஒருவன் சகரமென்று எழுதியதை
இன்னொருவன் ககரமென்று வாசித்தான்.
மிஞ்சியதைத் துணிப்பொதியோடு ஏற்றிக்கொண்டு
போயே போய்விட்டார்கள்.

இங்கிலீஷ் அகராதியில் ஒரு மதியம் தேடினேன்.
அந்தச் சொல்லுக்குள்
வயலில்லை, வாய்க்காலில்லை, ஒரு நாற்றுமுடி இல்லை.
அரக்குப் பூசிய மடிப்புத் தட்டி என்று போட்டிருந்தது.
செய்தது சீனத்தில்.
நம் கரையில் கப்பல் மாறியதோடு சரி.
சீமையில் எவளோ ஒரு சீமாட்டி
அதன் மறைவில் உடை மாற்றியிருப்பாள்.

மூட்டை தூக்க வந்த பவுனாம்பாள் மகனின் ஜீன்ஸில்
ஜெனோவா என்றொரு துறைமுகம்
முட்டியில் கிழிந்திருக்கிறது.
மதகோரம் மேய்கிற ஜெர்சிக்குத்
தன் தீவு எந்தத் திசை என்று தெரியாது.
பால் மட்டும் ஒன்பது லிட்டர்.

"என்னய்யா வேடிக்கை? ரசீதக் குடு.
எடை கொறஞ்சிச்சோ, திரும்ப வருவேன்.
இந்தக் கும்பகோணம் வேலையெல்லாம்
எங்கிட்ட வேணாம்."

பஸ்ஸில் ஒரு மணி நேரம்.
அத்தனை கோபுரமும் குளமும் வைத்திருக்கிற ஊரைக்
கேட்டுக்கொண்டா நாம் அப்படிச் சொன்னோம்?
துப்பியவனைப் பற்றி
அதன் பிறகு நான் அதிகம் பேசுவதில்லை.

ஐப்பசியில் கடன் தவணை கேட்கப் போனேன்.
அடிபம்பைச் சுற்றி நாலு மூங்கில்.
வெட்டி விரித்துத் தைத்த மூன்று சாக்கு.
நீல எழுத்து தலைகீழாக நின்றது.
மேலே ஈரப் புடவை ஒன்று.
உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம்
சட்டென்று நின்றது.

"யாரது?"

"சங்கத்துலேர்ந்து."

"அங்கேயே நில்லு, வாரேன்."

திரும்பி நின்றுகொண்டேன்,
வயலைப் பார்த்து.
சம்பாவுக்குள் கோரை
முழங்கால் உயரம் வந்திருந்தது.