பேர் மாறிய பிறகு சாவி

இரவு பத்து மணிக்கு எடுத்தவன்
ஊறணிக்கு அங்கால
விளக்கில்லாத ஒழுங்கை ஒன்றைச் சொன்னான்.
வேண்டாம்.
பகலில், கல்லடி வங்கி வாசலுக்கு,
காவலாளி பார்க்க வரும் ஆளுக்குத்தான் விற்பேன்.

வந்தவர் ஓட்டமாவடி ஹில்மி.
எஞ்சினில் காது வைத்தார்.
சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார்.
டேங்கின் நெளிவைத் தடவி, "இது?"
"கிரான் றோட்டு மாடு."
மாட்டுக்காக ரெண்டாயிரம் குறைத்தேன்.

ஓடிப் பார்க்கவேணும் என்றார்.
அடையாள அட்டையை வாங்கி வைத்தேன்.
நான் கேட்காமலே
மகளையும் விட்டுப்போனார்.
ஏழு வயது, கையில் ஐஸ்பழம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் தேய்ந்தது.
"வாப்பா வருவாரா?" நான்தான் கேட்டேன்.
குச்சியை நக்கியபடி அவள்,
"பெற்றோல் இருக்கா?"

வந்தார்.
காசை வங்கிக்குள் எண்ணினோம்,
மெஷினில் இரண்டு தரம்.
"ஓப்பன் பேப்பர் போதும்,
மறுகா ஆறுதலா மாத்துவம்."

போதாது.
தொண்ணூற்றாறில் சின்னண்ணர்
அப்படித்தான் ஒன்றை விற்றார்,
கையெழுத்து மட்டும் வைத்து.
ஆறாம் மாதம் அது
எங்கோ ஒரு மதகடியில் நின்றது.
வாங்கினவன் யாரென்று எவரும் கேட்கவில்லை.
இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு
பேருக்குரியவரிடம் வந்தார்கள்.
வண்டியை மட்டும்
பிறகு திருப்பித் தந்தார்கள்.

ஹில்மி ஒன்றும் சொல்லவில்லை.
பேனை கேட்டார்.

கச்சேரியில் வரிசை நீளம்.
பின்னேரம் மூன்றரைக்கு
என் பேர் அதிலிருந்து இறங்கியது.
சீ.ஆர். புத்தகத்தை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு
சாவி இரண்டையும் நீட்டினேன்.
பிசுபிசுத்த கையொன்று
வாப்பாவை முந்தி வாங்கியது.

"பெற்றோல்?"
"ஏறாவூர் மட்டும் போகும், மகள்."