ஒரு முட்டை கூடுதல்

புதன்கிழமை.
பெரும்பாக்கம், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம்.
பதினேழு பிள்ளைகளுக்குப் பதினேழு முட்டை.
பதினெட்டுப் பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பதினெட்டாவது, இஷானி.
மூன்று வயது. இடது காலில் மட்டும் செருப்பு.
அவள் ஆதாரில் இன்னும் கூவக்கரைதான்,
இடித்துத் தள்ளிய வீட்டின் கதவு எண்ணோடு.
இங்கே சேர்க்க அங்கே நீக்க வேண்டும்.
அங்கே நீக்க அந்த மையம் இருக்க வேண்டும்.
அந்த மையம் இருந்த இடத்தில்
நடைபாதைக்குக் கல் பதிக்கிறார்கள்.

நான் அமலோற்பவம்.
படிவத்தில் பணியாளர்,
பிள்ளைகளுக்கு மிஸ்ஸு,
அவசரம் என்றால் எல்லோருக்கும் அக்கா.
உதவியாளர் பணியிடம் பதினோரு மாதமாகக் காலி.
காலி என்று எழுதுகிறேன், ஒவ்வொரு மாதமும்,
தப்பில்லாமல், நீல மையில்.
குக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது
எந்தப் பிள்ளையின் அம்மா என்று
சில நாள் எனக்கே தெரிவதில்லை.

எடை போடும் வாரம்.
லிஃப்ட் நின்று நாற்பது நாள்.
படிக்கட்டடியில் கேரம் ஆடிய பையன்களில் ஒருவன்
நான் வாயைத் திறக்கும் முன்பே
தராசைத் தூக்கித் தோளில் வைத்தான்.
டில்லிபாபு.
அவனைப் பற்றி ஸ்டேஷனில் வேறொரு பதிவேடு உண்டு.
ஏழாவது மாடியில்,
பிறந்து இருபதே நாளான ஒன்று.
இரண்டு கிலோ எண்ணூறு.
"இவ்ளோதானாக்கா?" என்றான்,
மூச்சு வாங்கிக்கொண்டு,
தராசுதான் பொய் சொல்கிறது என்பதுபோல.

சத்துமாவு வாங்க முகத்தைக் காட்டச் சொல்கிறது ஆப்.
எட்டாம் மாதத்தில் வீங்கிய முகத்தோடு
மரியபுஷ்பம் நிற்கிறாள்.
பொருந்தவில்லை.
சிரிக்காதே என்கிறேன். பொருந்தவில்லை.
கொஞ்சம் சிரி என்கிறேன்.
அதற்குள் சிக்னல் போய்விட்டது.
இஸ்திரி வண்டித் தனகோடி
ஹாட்ஸ்பாட் போட்டுப் போனை ஜன்னலில் வைக்கிறார்.
கடவுச்சொல் அவர் மனைவி பெயர்.
இந்த பிளாக்குக்கே மனப்பாடம்.

முட்டை?
டிபன் கடை ரஹீமா,
புதன் தோறும் ஒன்றைத் தாளில் சுற்றி
வாசல்படியில் வைத்துவிட்டு நிற்காமல் போவாள்.
நன்றி சொன்னால் கோபம் வரும் அவளுக்கு.
ஒருதடவை சொல்லிப் பார்த்து
இரண்டு புதன் அவள் முகத்தையே பார்க்கவில்லை.
முட்டை மட்டும் வந்தது.

கற்பகவல்லி மேடம் ஆய்வுக்கு வந்தது
அப்படியொரு புதனில்.
பதிவேடு பார்த்தார். இருப்பு பார்த்தார்.
குனிந்து குப்பைக்கூடையையும் பார்த்தார்.
ஓடுகளை எண்ணினார், மறுபடி எண்ணினார்.
பதினெட்டு.

"ஒண்ணு குறைஞ்சா விளக்கம் எழுத
படிவம் இருக்கு.
கூடினா என்னம்மா எழுதறது?"

எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் தெரியவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றார்,
மூன்று வட்டாரத்தின் கூடுதல் பொறுப்போடு,
மதியம் சாப்பிடாத முகத்தோடு.

இஷானி அவர் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.
வாயோரம் மஞ்சள் கரு.
"பேர் என்ன?"
சொன்னாள்.
பட்டியலில் தேடவில்லை அவர்.

கூடையிலிருந்து ஒரு முட்டை ஓட்டை எடுத்து
பழைய சுற்றறிக்கையில் மடித்து
தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.
உள்ளே அது நொறுங்கியது கேட்டது.
"இப்ப எண்ணுங்க."

எண்ணினேன்.
சரியாக இருந்தது.
கையெழுத்துப் போட்டார்.

இரவு பத்தரைக்குச் சர்வர் திறந்தது.
பதினேழு என்று ஏற்றினேன்.
இஷானியின் விண்ணப்பத்தைத் தொட்டுப் பார்த்தேன்:
பரிசீலனையில்.
நாளைக்கு முட்டை கிடையாது, கலவை சாதம்.
அதில் எண்ணிக்கைப் பிரச்சினை இல்லை,
கரண்டியைக் கொஞ்சம் சரித்தால் போதும்.